பிறந்த பிள்ளையும் பிறவாத பிள்ளைகளும்

உயில் எழுத வருகிறவர்கள் முதல் அரை மணி நேரம் சொத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். மூத்த மருமகள் எப்படி நடந்துகொண்டாள், தம்பி எந்தக் கல்யாணத்துக்கு வராமல் இருந்தான் என்றெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் மஞ்சள் பையிலிருந்து பட்டா நகல் வெளியே வரும். ஆறு வருடங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு பெரியவர் அப்படியில்லை. உட்கார்ந்ததும் பையைத் திறந்து நான்காக மடித்த ஒரு வெள்ளைத் தாளை மேஜைமேல் விரித்தார். பென்சிலால் வரிசையாக எழுதியிருந்தது. தான் படித்த பள்ளிக்கு ஓர் ஆய்வுக்கூடம். வருடத்துக்குப் பத்துப் பிள்ளைகளின் படிப்புச் செலவு. மார்கழியில் நான்கு நாள் கச்சேரி, வரும் வித்வான்களுக்குச் சம்பாவனை. கடைசி வரியில் மகனின் பெயர், அதற்கு எதிரே ஒரு கோடு. "அவன் மதம் மாறிவிட்டான் வக்கீல் சார். கோடு போட்டிருக்கிறேன் பாருங்கள், அவ்வளவுதான்" என்றார்.

அரிசி ஆலையும் நிலமும் அவருடைய சுயார்ஜிதம், அவரே சம்பாதித்தது. சட்டம் முழுக்க அவர் பக்கம். வெறும் கோடு போட்டுப் பத்திரம் பதிவு செய்ய முடியாது என்பதால், என் சீனியர் காலத்திலிருந்து எங்கள் அலுவலகத்தில் புழங்கும் வாசகத்தை அந்த இடத்தில் போட்டேன்: 'மேற்படி குமாரருக்கு இந்த உயிலின் மூலம் எவ்விதப் பாத்தியமும் நான் ஏற்படுத்தவில்லை. அதற்கான காரணம் அவருக்கே நன்கு தெரியும்.' பெரியவர் இரண்டு முறை படித்துவிட்டுத் தலையாட்டினார். பதிவு முடிந்ததும் சாட்சிகளுக்கும் குமாஸ்தாவுக்கும் எனக்கும் எதிரே இருந்த ஓட்டலில் டிபன் வாங்கிக் கொடுத்தார். சென்ற ஆண்டு அவர் காலமானார். ஆய்வுக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டிய அன்று என்னையும் மேடையேற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். 'வள்ளல்' என்ற சொல்லை அன்று மேடையில் முதலில் உச்சரித்தவன் நான்தான். கைதட்டல் பலமாக இருந்தது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதே ஒரு வங்காளக் குடும்பத்தின் நினைவு வந்துவிட்டது. இன்றுவரை அது போகவில்லை.

எந்தத் தாகூர்?

சட்டக் கல்லூரியில் இந்துச் சட்டம் எடுத்த ஆசிரியர் கரும்பலகையில் 'தாகூர் வழக்கு, 1872' என்று எழுதியபோது பின் பெஞ்சில் யாரோ கீதாஞ்சலி என்றார்கள். வகுப்பே சிரித்தது. ஆசிரியர் திரும்பிப் பார்க்காமல், "அவருக்கு அப்போது பதினொரு வயது. இது வேறு வீடு" என்றார். அது எந்த வீடு என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தேர்வுக்கு வேண்டியது ஒரே வரிதான்: உயிலெழுதியவர் இறக்கும்போது பிறந்திராத ஒருவருக்கு இந்துச் சட்டப்படி சொத்து எழுதிவைக்க முடியாது. அந்த ஒரு வரிக்குப் பின்னால் பிறந்து வளர்ந்து உயிரோடு இருந்த ஒரு மகன் நின்றுகொண்டிருக்கிறான் என்பது பல வருடங்கள் எனக்குத் தெரியாது.

கொல்கத்தாவில் போய்க் கேட்டாலும் நிலைமை அதேதான். மூன்று வருடங்களுக்கு முன் ஒரு வேலையாகப் போனவன், ஒரு பிற்பகலை ஒதுக்கி வடக்கு கொல்கத்தாவில் தாகூர் வீட்டுக்கு வழி கேட்டேன். கேட்ட நால்வரும் ஜோராசாங்கோவுக்குத்தான் கை காட்டினார்கள். நான் தேடியது அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள பாதுரியாகாட்டா. 18ஆம் நூற்றாண்டில் நீல்மணி, தர்ப்பநாராயண் என்ற சகோதரர்களுக்குள் சொத்துத் தகராறு வந்து, நீல்மணி வெளியேறி 1784இல் ஜோராசாங்கோவில் குடியேறினார். தர்ப்பநாராயண் பழைய இடத்திலேயே இருந்துவிட்டார். நீல்மணி வழியில் துவாரகாநாத்தும் தேவேந்திரநாத்தும் ரவீந்திரநாத்தும் வந்தார்கள். உலகம் அந்த வீட்டையே பார்த்துப் பழகிவிட்டது. தர்ப்பநாராயண் வழியினருக்கு மிஞ்சியது ஒரு தெருப்பெயர்: பிரசன்ன குமார் தாகூர் தெரு. அந்த வழக்கின் உயிலை எழுதியவர் இவர்தான்.

அந்தத் தெருவில்தான் 'தாகூர் கோட்டை' இருக்கிறது. 1890களில் பிரசன்ன குமாரின் அண்ணன் மகன் ஜதீந்திர மோகன் தாகூர் ஆங்கிலேயக் கோட்டைகளின் பாணியில் கொத்தளமும் உயர்ந்த கோபுரமுமாகக் கட்டியது. இப்போது அந்தக் கோபுரத்தைக் கண்டுபிடிக்கக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். பின்னால் முளைத்த கான்கிரீட் மாடிகள் அதை எல்லாப் பக்கமும் நெருக்கி விழுங்கியிருக்கின்றன. கொத்தளத்தின் பல்வரிசைக்கும் பக்கத்து ஜன்னலுக்கும் இடையே கட்டியிருந்த கயிற்றில் ஒரு பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. நிறைய நேரம் நின்றேன். யாரும் என்னவென்று கேட்கவில்லை.

படிப்பும் பாட்டும் குத்தகையும்

இந்தக் குடும்பத்தின் பெருமைகளைச் சொல்ல ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்பதுதான் சிக்கல். தர்ப்பநாராயணின் மகன் கோபி மோகன், 1817இல் இந்துக் கல்லூரியை நிறுவியவர்களில் ஒருவர். அவர் பிள்ளைகளில் ஹரகுமார் சமஸ்கிருதப் புலமையில் ஊறியவர், தந்திர சாஸ்திரத்தில் தொகுப்பு நூல் செய்தவர். அவருடைய தம்பிதான் நம் பிரசன்ன குமார். ராம்மோகன் ராயின் நண்பர் வட்டத்தில் இருந்தார். உடன்கட்டையை எதிர்த்த அணியில் நின்றார். 'ரிஃபார்மர்' என்ற ஆங்கிலப் பத்திரிகை நடத்தினார். 1831 டிசம்பரில் தன் தோட்ட வீட்டில் 'இந்து தியேட்டர்' என்று ஒரு நாடக மேடை திறந்து, ஜூலியஸ் சீசரின் ஓர் அங்கத்தையும் பவபூதியின் உத்தரராம சரிதத்தின் ஒரு பகுதியையும் ஆங்கிலத்தில் நடிக்க வைத்தார். ஜமீன்தார் வீட்டுப் பிள்ளையாக இருந்தும் வக்கீல் தொழில் செய்து, அரசு வழக்கறிஞராகி, பெரும் பணம் ஈட்டினார். மிதிலைப் பகுதியின் இந்துச் சட்ட நூலான விவாத சிந்தாமணியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1863இல் வெளியிட்டார். எங்கள் தொழிலில் இப்படி ஒருவரைப் பார்த்தால் எழுந்து நின்று கும்பிடத் தோன்றும்.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருக்க முடியாது. அதே சமயம், அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் புரிந்துகொண்டதாக எழுந்து போவதும் எனக்குப் பிடிப்பதில்லை. 1793இல் கார்ன்வாலிஸ் கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டத்தின்படி ஜமீன்தார் அரசுக்குக் கட்டும் தொகை என்றென்றைக்கும் ஒன்றே. தவணை நாளில் சூரியன் மறைவதற்குள் கட்டவில்லை என்றால் ஜமீன் ஏலத்துக்குப் போகும். கட்டியவருக்கோ, குடியானவரிடம் வாங்கும் குத்தகை ஏற ஏற அந்த ஏற்றம் முழுவதும் லாபம். 1838இல் வங்காளத்து நிலவுடைமையாளர்கள் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தபோது முன்னே நின்றவர்களில் பிரசன்ன குமாரும் ஒருவர். 1873இல் பாப்னா மாவட்டத்துக் குடியானவர்கள் அவர்கள் பங்குக்கு ஒரு சங்கம் அமைத்து, ஏற்றிய குத்தகையைக் கட்டமாட்டோம் என்றார்கள். கொல்கத்தாவில் அரங்கேறிய சீசருக்கு மெழுகுவர்த்தி வாங்கிக் கொடுத்தவர் ரங்கபூரிலோ மேதினிபூரிலோ யாரோ ஒரு நெல் விவசாயிதான். இதை எழுதும்போதே, நான் மேடையில் புகழ்ந்த அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர்களுக்கு என்ன கூலி கிடைத்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை என்பதும் உறைக்கிறது.

1862

பிரசன்ன குமாருக்கு ஒரே மகன், ஞானேந்திர மோகன். தாத்தா நிறுவிய இந்துக் கல்லூரியில் படித்தவர். கிருஷ்ண மோகன் பானர்ஜி என்ற பாதிரியாரின் தாக்கத்துக்கு உள்ளாகி 1851இல் கிறிஸ்தவரானார். பாதிரியாரின் மகள் கமலமணியை மணந்தார். அப்பா அவரை வீட்டைவிட்டு விலக்கினார். மகன் இங்கிலாந்து போனார். லண்டனில் இந்துச் சட்டமும் வங்காள மொழியும் கற்பித்தார். 1862இல் லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டர் ஆனார். இந்தியர் ஒருவர் இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆவது அதுவே முதல் முறை. சட்டமே மூச்சாக வாழ்ந்த ஒரு தகப்பன் கேட்க ஆசைப்படும் செய்தி இதைவிட வேறு என்ன இருக்க முடியும்? அதே 1862இல்தான் அப்பா தன் உயிலை எழுதினார். மகனுக்கு அதில் ஒன்றும் இல்லை.

இந்த இடத்தைத் தாண்டி என்னால் சுலபமாகப் போக முடிவதில்லை. மதம் மாறியவன் வாரிசுரிமை இழப்பான் என்பது பழைய வழக்கம். மகன் மாறுவதற்கு ஓராண்டு முன்பு, 1850இல், 21ஆம் எண் சட்டம் வந்து அந்த வழக்கத்தை ஒழித்துவிட்டது. ஆகவே பிரசன்ன குமார் சும்மா இருந்திருந்தால் எல்லாம் மகனுக்குத்தான் போயிருக்கும். சும்மா இருக்காமல் பேனாவை எடுக்க வேண்டியிருந்தது. வங்காளத்தில் அதற்கு வழியும் இருந்தது. அங்கே செல்லுபடியானது தாயபாகம் என்ற இந்துச் சட்டப் பிரிவு. தகப்பன் உயிரோடு இருக்கும்வரை, முன்னோர் வழி வந்த பிதுரார்ஜிதச் சொத்திலும் மகனுக்குப் பங்கு கிடையாது. அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம். நம் பக்கத்து மிதாட்சரத்தில் பிறக்கும்போதே மகன் பங்காளி. அந்த முறையில் இந்தக் கதை பாதியில் நின்றிருக்கும்.

யாருக்கு எழுதினார் என்பதுதான் வேடிக்கை. அண்ணன் ஹரகுமாரின் மகன் ஜதீந்திர மோகனுக்கு ஆயுட்கால அனுபவ உரிமை. அவருக்குப் பிறகு அவருடைய மூத்த மகன், அந்த மகனுடைய மூத்த மகன், அவனுடைய மூத்த மகன் என்று போகிறது. அந்தக் கிளை பட்டுப்போனால் அடுத்த கிளை. பெண் வழி எங்கும் கிடையாது. ஆங்கிலப் பிரபுக்கள் தங்கள் எஸ்டேட்டைக் கட்டிவைக்கும் முறையை அப்படியே எடுத்து, வங்காளத்து ஜமீனுக்குப் பூட்டாக மாட்டியிருக்கிறார். நான் நூற்றுக்கணக்கான உயில்கள் எழுதியவன். அந்த ஷரத்துகளைப் படிக்கும்போது ஒரு பழகிய கை தெரிகிறது. ஓட்டை இருக்கக்கூடாது என்று ஒவ்வொரு மூலையாகத் தடவிப் பார்த்து எழுதும் கை. உயிரோடு இருக்கும் ஒருவன் எந்த வழியாகவும் உள்ளே வந்துவிடக்கூடாது என்பதற்காக, இன்னும் பிறக்காத நான்கைந்து தலைமுறை ஆண்பிள்ளைகளை வாசலில் காவலுக்கு நிறுத்தியிருக்கிறது அந்தக் கை. கோபம் இவ்வளவு நிதானமாக எழுதுமா என்றால், எழுதும். நிதானமாக எழுதுகிற கோபத்தைத்தான் நாங்கள் தினமும் பதிவு அலுவலகத்துக்கு எடுத்துப் போகிறோம்.

அதே உயிலில் இன்னொன்றும் இருக்கிறது. கொல்கத்தா பல்கலைக்கழகத்தில் சட்டப் பேராசிரியர் பதவி ஒன்றுக்கு நிரந்தர நிதி. பேராசிரியருக்கு வருடத்துக்கு 10,000 ரூபாய். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்ல வேண்டியதில்லை. நகரத்துக்குள் ஆண்டுதோறும் ஒரு முழுச் சொற்பொழிவு வரிசை நடக்க வேண்டும், கேட்க வருகிற எவரிடமும் கட்டணம் வாங்கக் கூடாது, அச்சிட்டு 500 பிரதிகளுக்குக் குறையாமல் இலவசமாகக் கொடுக்க வேண்டும். யாருக்கும் கதவடைக்காத கொடை. வருகிறவன் எந்த மதம் என்று அது கேட்கவில்லை. சொந்த மகன் அந்தச் சொற்பொழிவுக்குப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கலாம், உயில் தடுத்திருக்காது. வீட்டுக்குள் மட்டும்தான் வரக்கூடாது.

கவிஞருக்குக் கிடைத்தது

ஜதீந்திர மோகன் மோசமான மனிதர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நாடகம், கவிதை, இசை எல்லாவற்றுக்கும் வாரிக் கொடுத்தவர். வங்காள மொழியில் எதுகை இல்லாத செய்யுள் எழுதவே முடியாது என்று அவர் சொல்லப் போய், முடியும் என்று மைக்கேல் மதுசூதன் தத் எழுதிக் காட்டிய காவியம்தான் திலோத்தமா சம்பவம். தோற்ற ஜதீந்திர மோகன் மகிழ்ந்துபோய்த் தன் செலவில் அதை அச்சிட்டார். கவிஞர் நூலை அவருக்கே சமர்ப்பித்தார். 1860இல் நடந்தது.

இந்தச் சம்பவத்தை வங்காள இலக்கிய வரலாற்றில் எல்லோரும் ரசித்துச் சொல்வார்கள். நானும் ரசித்துத்தான் படித்தேன். பிறகுதான் கவிஞரின் முன்பெயர் கண்ணில் உறுத்தியது. மைக்கேல். 1843இல் கிறிஸ்தவரானவர். அதற்காக அப்பாவின் ஆதரவை இழந்து, சென்னைக்கு வந்து அநாதைப் பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியராகப் பிழைத்தவர். மதம் மாறிய கவிஞரின் புத்தகத்தை ஆசையோடு அச்சிட்ட அதே கைகளுக்கு, மதம் மாறிய சித்தப்பா மகனின் சொத்து வந்து சேர்ந்தது. ஜதீந்திர மோகனுக்கு இதில் முரண்பாடு எதுவும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். அடுத்த வீட்டுப் பிள்ளையின் மதமாற்றம் அவனவன் மனசாட்சி. நம் வீட்டுப் பிள்ளையின் மதமாற்றம் என்றால் குடிமுழுகிப் போகும். எனக்கு இது வங்காளத்துக்குப் போய்த் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இல்லை.

தொண்டையில் வைக்கும் எக்காளம்

சங்கீதம் எனக்குக் கேட்கத் தெரியுமே தவிரப் பேசத் தெரியாது. ஆனாலும் ஜதீந்திர மோகனின் தம்பி சௌரீந்திர மோகனை விட்டுவிட்டு இந்தக் குடும்பத்தைப் பற்றி எழுத முடியாது. விஷ்ணுபூர் மரபில் வந்த க்ஷேத்ர மோகன் கோஸ்வாமியிடம் கற்று, அவரையே ஆசிரியராக வைத்து 1871இல் சித்பூர் சாலையில் வங்க சங்கீத வித்யாலயத்தைத் தொடங்கினார். அதுவரை உஸ்தாதின் காலடியில் வருடக்கணக்கில் கிடந்தால் கிடைத்த வித்தை, மாலை வகுப்பாகவும் பாடப்புத்தகமாகவும் ஆகியது. ராகங்களை எழுத நம்முடைய ஸ்வரக்குறிகளே போதும் என்று குருவும் சீடரும் ஒரு முறை வகுத்தார்கள். ஐரோப்பியக் கோட்டு முறையே மேல் என்று பள்ளி ஆய்வாளராக இருந்த சார்ல்ஸ் கிளார்க் என்ற வெள்ளைக்காரர் 1874இல் எழுத, சௌரீந்திர மோகன் பத்திரிகையில் சளைக்காமல் பதில் கொடுத்தார். அந்த வாதம் இன்றைக்கும் சுவையாக இருக்கிறது.

அவருக்கு இன்னொரு பித்து இருந்தது. வாத்தியங்களைச் செய்ய வைத்து, பெட்டி பெட்டியாக உலகத்து அரசர்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் அனுப்புவது. 1876இல் பெல்ஜியம் அரசர் இரண்டாம் லியோபோல்டுக்குப் போனது மட்டும் கிட்டத்தட்ட நூறு. பதிலுக்குப் பதக்கங்களும் பட்டங்களும் வந்தன. அவருடைய நூல்களின் முகப்பில் பெயரைவிடப் பட்டங்களின் வரிசை நீளம். இதைக் கேலி செய்வது எளிது. நானும் செய்திருக்கிறேன்.

அவர் பரப்பிய வாத்தியங்களில் ஒன்று நியாஸதரங்கம். பார்க்கச் சிறிய பித்தளை எக்காளம் மாதிரி இருக்கும், இரட்டையாக வரும். ஊதக்கூடாது. வாய்க்குப் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. குறுகிய முனையைக் குரல்வளையின் இரு பக்கமும் வைத்து அழுத்திக்கொண்டு, உதட்டை மூடி முனக வேண்டும். உள்ளே சிலந்திக் கூட்டிலிருந்து எடுத்த மெல்லிய சவ்வு ஒன்று பொருத்தியிருப்பார்கள். தொண்டையின் அதிர்வில் சவ்வு சிலிர்த்து, மனிதக் குரலும் இல்லாமல் குழலும் இல்லாமல் ஒரு ஓசை எழும். வாயைத் திறக்காமல் பாட ஒரு கருவி. இதை நன்றாக வாசித்தவர்கள் அன்றைக்கே கொஞ்சம் பேர்தான்.

பிரஸ்ஸல்ஸில் அந்தப் பெட்டிகளைப் பிரித்தவர் விக்டர் மாஹில்லோன். 1877இல் அங்குள்ள இசைக் கல்லூரி அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாளரானவர். எல்லாவற்றையும் எப்படி வகைப்படுத்துவது என்ற கேள்வி அவர் முன் நின்றது. ஐரோப்பாவில் இருந்த வகைப்பாட்டில் இவை அடங்கவில்லை. இந்தியர்களின் பழைய வகைப்பாடு அடக்கியது: தத, சுஷிர, அவனத்த, கன. தமிழில் நாம் நரம்பு, துளை, தோல், கஞ்சம் என்கிறோம் அல்லவா, அதுதான். மாஹில்லோன் 1880இல் வெளியிட்ட பட்டியலின் நான்கு பிரிவுகளுக்கு இந்த மரபே தூண்டுதல் என்று இசைக்கருவி வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதை விரித்து ஹோர்ன்போஸ்டலும் சாக்ஸும் 1914இல் செய்த வகைப்பாடுதான் இன்று உலகம் முழுவதும் நடப்பில் இருக்கிறது. சௌரீந்திர மோகன் இதைத் திட்டமிடவில்லை. பதக்கம் வந்தால் போதும் என்று பெட்டியைக் கப்பலில் ஏற்றிவிட்டார். இன்னாரிடம் கொடு, இன்னார் கைக்குப் போகாமல் பார்த்துக்கொள் என்று எந்த ஷரத்தும் அதில் இல்லை. சித்தப்பாவின் உயிலையும் இந்தப் பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். புகழுக்காகக் கொடுத்தவனைப் பற்றி இப்போது முன்போல அலட்சியமாகப் பேச முடியவில்லை.

லண்டன் தீர்ப்பு

பிரசன்ன குமார் 1868இல் இறந்தார். மகன் வழக்குப் போட்டார். கொல்கத்தா உயர் நீதிமன்றத்தைத் தாண்டி, அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போய், 1872இல் தீர்ப்பு வந்தது. தகப்பன் மகனுக்கு ஒன்றும் இல்லாமல் எழுதியது செல்லும். ஜதீந்திர மோகனின் ஆயுட்கால உரிமையும் செல்லும். அதற்குப் பிறகு அடுக்கியிருந்த ஆண்பிள்ளை வரிசை மட்டும் செல்லாது. சட்டத்தில் இல்லாத ஒரு புது வாரிசு முறையைத் தனி மனிதர் ஒருவர் தனக்கென்று உண்டாக்கிக்கொள்ள முடியாது. தானம் வாங்குகிறவர், கொடுப்பவர் கண்மூடும் நேரத்தில் இருந்தாக வேண்டும். ஆகவே ஜதீந்திர மோகனுக்குப் பின் சொத்து சட்டப்படியான வாரிசுக்குத் திரும்பும். அந்த வாரிசு, ஞானேந்திர மோகன். அத்தனை மூலைகளையும் தடவிப் பார்த்த கை, தான் மொழிபெயர்த்துக் கரைத்துக் குடித்த இந்துச் சட்டத்திலேயே இடறி விழுந்தது.

மகன் ஜெயித்தாரா என்றால், தாளில் ஜெயித்தார். ஜதீந்திர மோகன் 1908 வரை வாழ்ந்தார். ஞானேந்திர மோகன் அதற்கு 18 வருடங்கள் முன்பே, 1890இல், லண்டனில் இறந்துவிட்டார். ஜதீந்திர மோகனுக்கோ பெற்ற மகன் இல்லை. தம்பி மகன் பிரத்யோத் குமாரைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார்.

கொடை மட்டும் உயிலெழுதியவரைவிடச் சமர்த்தாக நடந்துகொண்டது. தாகூர் சட்டச் சொற்பொழிவுகள் 1870இல் தொடங்கின. முதலில் பேசிய ஹெர்பர்ட் கவல் எடுத்துக்கொண்டது இந்துச் சட்டம். 1874-75இல் ஆர்தர் பிலிப்ஸ் வங்காளத்தின் நில உரிமை முறைகளைப் பற்றிப் பேசினார். ஜமீன்தார் காசில் ஜமீனின் ஆதி அந்தம் அலசப்பட்டது. 1898இல் அசுதோஷ் முகர்ஜி எடுத்துக்கொண்ட தலைப்பு, சொத்தை எத்தனை தலைமுறைக்குக் கட்டிவைக்கலாம், எங்கே சட்டம் குறுக்கே வரும் என்பது. தாகூர் வழக்கைத் தொடாமல் அந்தத் தலைப்பில் ஒரு பக்கம்கூட நகர முடியாது. செத்துப்போனவர் பணத்தில், செத்துப்போனவர் செய்த தப்பை வருடக்கணக்கில் மாணவர்களுக்குக் கற்பித்திருக்கிறார்கள். பிரசன்ன குமாருக்குப் பிடித்திருக்கும் என்று ஒரு நாள் தோன்றும், துளியும் பிடித்திருக்காது என்று மறுநாள் தோன்றும்.

பிறவாதவருக்கு எழுத முடியாது என்ற அந்த விதி நம் ஊர்வரை வந்து எத்தனையோ பேரக்குழந்தைகளின் பங்கைச் செல்லாததாக்கியது. அதைத் தளர்த்தச் சென்னை மாகாணத்தில்தான் 1914இல் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். மத்தியச் சட்டம் இரண்டு வருடம் கழித்து வந்தது. இன்று பிறக்கப்போகும் பேரனுக்கு என்று என்னிடம் வந்து தாராளமாக எழுதலாம், வரம்புக்கு உட்பட்டு. பிறந்த மகனுக்கு இல்லை என்று எழுத அப்போதும் தடையில்லை, இப்போதும் தடையில்லை.

அடிக்கல் விழா முடிந்த மறு வாரம் பெரியவரின் மகன் அலுவலகத்துக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று குமாஸ்தா வாசலிலேயே நின்றுகொண்டார். அவர் உட்காரக்கூட இல்லை. "சொத்து வேண்டாம் சார். அப்பா என்னைப் பற்றி அதில் ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று மட்டும் பார்க்க வேண்டும்" என்றார். நகலை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, அந்த இரண்டு வரியைக் காட்டினேன். நின்றபடியே படித்தார். இன்னொரு முறை படித்தார். "காரணம் அவருக்கே நன்கு தெரியும்" என்று மெதுவாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார்.

"அப்பா என்னை ஒருநாளும் 'அவர்' என்று சொன்னதில்லையே. இது அவர் வார்த்தை மாதிரி இல்லை. நீங்கள் எழுதியதா சார்?"

ஆமாம் என்றேன்.

"அவர் என்ன எழுதிக் கொடுத்தார்?"

பென்சில் தாள் எங்கள் கோப்பிலேயே இருந்தது. தேடி எடுத்துக் கொடுத்தேன். பள்ளிக்கூடம், பத்துப் பிள்ளைகள், கச்சேரி எல்லாவற்றையும் தாண்டிக் கடைசி வரிக்கு வந்தார். தன் பெயருக்கு எதிரே இருந்த கோட்டின்மேல் விரலை வைத்து, இடமிருந்து வலமாக ஒரு முறை நகர்த்தினார். இந்தத் தாளை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். கட்சிக்காரரின் ஆவணத்தை மூன்றாமவருக்குத் தரக் கூடாது. எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.